அல்பரிஞோ: புட்டியைத் திறக்கும் முன்

ஸ்பெயினில் வேலை பார்க்கும் உங்கள் மைத்துனர் ஊருக்கு வந்தபோது ஒரு வெள்ளை ஒயின் புட்டி கொடுத்திருக்கிறார். லேபிளில் பெரிதாக அல்பரிஞோ, கீழே ரீயாஸ் பைஷாஸ், ஆண்டு 2022. இதில் எது ஊர், எது திராட்சை? இனிக்குமா? கடல் உப்பு ருசி வரும் என்று அவர் சொன்னது நிஜமா? பத்து வருஷம் வைத்திருந்தால் விலை ஏறுமா? மீன் குழம்போடு குடிக்கலாமா? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள். பல வருஷம் சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறும் வேலை பார்த்தவன் நான். இதே கேள்விகளை வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்டிருக்கிறேன். ஒரு செப்டம்பரில் அந்த ஊருக்கே போய் அறுவடையும் பார்த்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அல்பரிஞோ என்பது திராட்சையின் பெயர். ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு அல்பரினோ என்று சொல்பவர்கள்தான் அதிகம். அதில் வரும் n எழுத்தின் தலையில் ஒரு சின்ன அலைக்கோடு இருக்கிறதே, அது நம் ஞ. தமிழில் எழுத்து தயாராக இருக்கும்போது நாம் ஏன் ன போட வேண்டும்? ரீயாஸ் பைஷாஸ் என்பது பகுதியின் பெயர். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே கலீசியா மாநிலம் இருக்கிறது. அங்கே ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறி நிரப்பி, விரல் விரலாக நிலத்துக்குள் நீண்டிருக்கும். அந்த ஒவ்வொரு விரலும் ஒரு ரீயா. அவற்றில் தெற்கே இருப்பவைதான் பைஷாஸ், அதாவது கீழ்ப்புறத்து ரீயாக்கள். பெயரும் ஸ்பானிய மொழி இல்லை, கலீசிய மொழி. காதில் கேட்டால் போர்ச்சுகீசு மாதிரியே இருக்கும்.

ஸ்பெயின் என்றதும் வெயிலும் வறண்ட மண்ணும் காளைச் சண்டையும்தான் நினைவுக்கு வரும். கலீசியாவில் அது எதுவும் பெரிதாகக் கிடையாது. ரீயாஸ் பைஷாஸ் பகுதியில் வருஷத்துக்குச் சராசரியாக 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னைக்கே 1,400 சொச்சம்தான். நமக்கு அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அங்கே இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து வசந்தம் முடியும்வரை நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும். கோடையில் மட்டும் கொஞ்சம் வாய்விட்டுச் சிரிக்கும் வானம். இந்த ஒயினைப் புரிந்துகொள்ள இந்த ஈரம்தான் சாவி என்பேன். கடலை எல்லோரும் பேசுவார்கள். ஈரத்தை யாரும் பேசுவதில்லை.

திராட்சைக்கு ஈரம் பெரிய எதிரி. இலைக்கு அடியில் காற்று நின்றுபோனால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும், குலைக்குள் தண்ணீர் தங்கினால் அழுகல். அதனால் அங்கே பாரம்பரியமாகக் கொடியைத் தரையோடு வேலி மாதிரி விடுவதில்லை. ஆள் உயரத்துக்கும் மேலே பந்தல் போட்டு ஏற்றிவிடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கேயும் கல்தூண், கம்பி, மேலே பச்சைக் கூரை, கீழே தொங்கும் குலைகள். கலீசியாவில் அந்தத் தூண் முழுக்கக் கருங்கல். மண்ணே கருங்கல் மண்தான். பொடிந்து மணலாகிப்போன கருங்கல்லை அந்த ஊரில் ஷாப்ரே என்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அது மட்டும் களிமண்ணாக இருந்திருந்தால் அங்கே திராட்சையே வந்திருக்காது.

நான் பார்த்தது மேயாஞோ பக்கம் ஒரு தோட்டம். தோட்டம் என்பது பெரிய வார்த்தை, வீட்டுக் கொல்லை என்றே சொல்லலாம். பந்தலுக்குக் கீழே ஒரு ஓரத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். பறிக்கிறவர்கள் கையை மேலே தூக்கி, ஒரு கையால் குலையைத் தாங்கி, மறு கையால் கத்தரியை வைக்க வேண்டும். கத்தரித்ததும் முழங்கை வழியாகச் சாறு ஒழுகி அக்குள்வரை பிசுபிசுக்கும், பின்னாலேயே குளவி வரும். ஆசைப்பட்டு நானும் அரை மணி நேரம் பறித்தேன், அடுத்த நாள் கழுத்து திரும்பவில்லை. என் பக்கத்தில் நின்ற, எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குப் புரியவில்லை. புரியாததே நல்லது. பழத்தை இருபது கிலோவுக்கு மேல் கொள்ளாத பிளாஸ்டிக் பெட்டிகளில்தான் போடுகிறார்கள். அதிகம் அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கி, ஆலைக்குப் போவதற்குள் புளிக்க ஆரம்பித்துவிடும். பழம் சின்னது, தோல் தடிப்பு. வாயில் போட்டுக் கடித்தால் முதலில் இனிப்பு, உடனே பின்னாலேயே ஒரு கூர்மையான புளிப்பு. அந்தப் புளிப்புதான் நாளைக்கு ஒயினின் முதுகெலும்பு.

கொல்லை என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பகுதி முழுவதும் சேர்த்து 4,000 ஹெக்டேருக்குச் சற்று மேல். அதை 5,000க்கும் அதிகமான விவசாயிகள் வைத்திருக்கிறார்கள். துண்டுகளாக எண்ணினால் 20,000க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு துண்டு அரை ஏக்கர்கூடத் தேறாது. அப்பா சொத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்து, அவர்கள் மறுபடியும் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரித்து, கடைசியில் ஒருவருக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு வரிசை, சர்ச்சுக்குப் பின்னால் ஆறு வரிசை என்று ஆகிவிட்டது. பங்காளிப் பிரிவினை என்பது நமக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு சின்னத் துண்டை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக ஆலை நடத்த முடியாது. அதனால் இந்தப் பகுதிக்குக் கூட்டுறவுதான் பெரிய துணை. உலகம் பூராவும் கிடைக்கும் மார்ட்டின் கோடாக்ஸ் என்ற பெயர்கூட 1986இல் விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்த ஆலையுடையதுதான். தனி ஆலைகளும் உண்டு. கம்பாடோஸ் ஊரின் நடுவில் ஃபெஃபிஞானெஸ் என்ற பழைய கல் மாளிகை இருக்கிறது. அல்பரிஞோவை முதன்முதலில் பெயர் பதிந்து லேபிள் ஒட்டி விற்றது அவர்கள்தான், 1928இல். அதுவரை இது பீப்பாயிலிருந்து நேராகக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிற வீட்டு ஒயின்.

அந்த வீட்டு ஒயின் இன்னும் இருக்கிறது. வசந்தத்தில் போனால் சில வீட்டு வாசலில் ஒரு லாரல் மரக் கிளை தொங்கும் (நம் பிரியாணியில் போடும் இலை இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட உறவு). "இந்த வீட்டில் மிச்ச ஒயின் விற்கிறோம்" என்று அர்த்தம். ஃபுராஞ்சோ என்பார்கள். உள்ளே போனால் கார் நிறுத்தும் இடத்தில் நாலு பெஞ்சு, முட்டை உருளைக்கிழங்கு அடை, வீட்டுக்கு ஆனதுபோக மிஞ்சிய ஒயின். வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் அனுமதி. தீர்ந்ததும் கிளையை எடுத்துவிடுவார்கள். அந்த ஒயின் கலங்கலாக, கொஞ்சம் முரடாக இருக்கும். உங்கள் புட்டியில் இருப்பதற்குத் தாத்தா அது.

அரை ஏக்கர் கதைக்கு நேர் எதிராக ஒன்றையும் சொல்ல வேண்டும். விலாநோவா தே அரௌசா பக்கம் பாசோ பாயோன் என்று ஒரு மாளிகை. ஒரே மதிலுக்குள் 20 ஹெக்டேருக்கு மேல் திராட்சை, அந்தப் பகுதியில் அப்படி ஒன்று அபூர்வம். 1980களில் இந்தக் கடற்கரை முழுக்க முதலில் சிகரெட் கடத்தல், அப்புறம் போதைமருந்துக் கடத்தல். அந்த மாளிகை ஒரு கடத்தல்காரர் கைக்குப் போனது. போதையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அதன் இரும்புக் கேட்டைப் பிடித்து உலுக்கிக் கத்தினார்கள், அந்தப் படம் ஸ்பெயின் முழுக்கப் பரவியது. பிறகு அரசு மாளிகையைப் பறிமுதல் செய்தது. 2008இல் அதை ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? கொண்டெஸ் தே அல்பரேய் என்ற விவசாயிகள் கூட்டுறவு. கேட்டுக்கு வெளியே நாலு வரிசை கொடி வைத்திருந்தவர்களின் சங்கம் உள்ளே போய்விட்டது. அந்த ஒயினை ஊற்றும்போதெல்லாம் விருந்தினரிடம் இந்தக் கதையைச் சொல்வேன். பாதிப் பேர் இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள்.

அடுத்து சட்டம். அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1980இல் அல்பரிஞோ என்ற திராட்சைப் பெயரிலேயே அரசு முத்திரை கொடுத்தார்கள். 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. அங்கே விதி வேறு, முத்திரை ஊருக்குத்தான், திராட்சைக்குக் கிடையாது. ஆக 1988இல் ரீயாஸ் பைஷாஸ் என்று ஊர்ப் பெயருக்கு மாற்றினார்கள். இதற்குள் ஐந்து உட்பகுதிகள். கம்பாடோஸைச் சுற்றியுள்ள வால் டோ சல்னேஸ் கடலுக்கு ஒட்டியது, குளிர்ச்சி அதிகம், புளிப்பும் அதிகம். தெற்கே மிஞோ ஆற்றங்கரையில் கொண்டாடோ டோ தேயாவும் ஓ ரோசாலும், வெயில் கொஞ்சம் கூட, ஒயின் கொஞ்சம் சதைப்பிடிப்பு. சோட்டோமயோர், ரிபெய்ரா டோ உல்லா இரண்டும் பிற்பாடு சேர்ந்தவை. உங்கள் லேபிளில் அல்பரிஞோ என்று போட்டிருப்பதால் உள்ளே இருப்பது நூற்றுக்கு நூறு அந்தத் திராட்சைதான், கலப்பு இருந்தால் அந்தப் பெயர் போட முடியாது. பின்பக்க லேபிளில் எண்ணோடு ஒரு முத்திரை இருக்கும், பாருங்கள்.

மிஞோ ஆற்றைத் தாண்டினால் போர்ச்சுகல். அந்தக் கரையிலும் இதே திராட்சை, பெயர் மட்டும் அல்வரிஞோ. மொன்சாவ், மெல்காசு ஊர்களின் ஒயினைக் குடித்துப் பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். யாருடையது மூத்தது என்று இரண்டு கரையிலும் கேட்காதீர்கள், சாப்பாடு ஆறிவிடும்.

வம்சம் பற்றி இன்னொரு கதை சுற்றுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் க்ளுனி மடத்துத் துறவிகள் ரைன் நதிக்கரையிலிருந்து ரீஸ்லிங் கொடியைக் கொண்டுவந்தார்களாம், அதனால்தான் 'ரைனின் வெள்ளை' என்ற பொருளில் அல்பா ரிஞோ என்று பெயராம். கேட்க நன்றாக இருக்கிறது, மரபணுச் சோதனை ஒத்துக்கொள்ளவில்லை. ரீஸ்லிங் வேறு, இது வேறு. இந்த மூலை மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கொடி இது. மெனு அட்டையில் இந்தக் கதையை அச்சடித்து வைத்திருந்த உணவகத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன், இரண்டு வருஷம் வாய்கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

அதைவிட ருசியான கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே பல விவசாயிகள் அல்பரிஞோ என்று நம்பி நாற்று வாங்கி நட்டு, ஒயின் செய்து, அந்தப் பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். 2008இல் அங்கே வந்த ஒரு பிரெஞ்சுக் கொடி நிபுணர் இலையைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டார். மரபணு சோதித்ததில், 2009இல் உறுதியானது: அது சவன்யான் என்ற பிரெஞ்சுத் திராட்சை. ஸ்பெயினிலிருந்து வந்த நாற்றிலேயே பெயர் மாறியிருந்தது. ஆக, பழைய ஆஸ்திரேலிய அல்பரிஞோ புட்டி யாராவது நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடியுங்கள், கெட்ட ஒயின் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம், வெப்பம் ஏறுவதைச் சமாளிக்க பிரான்சின் போர்டோ (Bordeaux) பகுதிக்காரர்கள் 2021இல் புதிதாக அனுமதித்த திராட்சைகளில் இந்த அல்வரிஞோவும் ஒன்று. சூடான வருஷத்திலும் புளிப்பு இறங்காது என்பதால்தான் அந்த மரியாதை.

சரி, ருசிக்கு வருவோம். இனிக்காது. மூக்கில் வைத்தால் பீச், எலுமிச்சைத் தோல், சில சமயம் ஒரு பூ வாசனை என்று பழமாக வரும். அதை நம்பி இனிப்பை எதிர்பார்த்துக் குடித்தால் வாய் ஏமாறும். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறியிருக்கும், சாதாரணமாக 12லிருந்து 13.5 சதவீதம். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக வைத்துப் புளிக்கவிடுவதால்தான் அந்தப் பழ வாசனை பறந்துபோகாமல் நிற்கிறது. 1980களில் இந்தத் தொட்டியும் குளிர்விக்கும் எந்திரமும் வந்த பிறகுதான் ஃபுராஞ்சோ ஒயின் உலகச் சந்தைக்குப் போகிற ஒயினாக மாறியது.

லேபிளில் 'சோப்ரே லீயாஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். புளித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். உடனே வடித்துவிடாமல் அந்த மண்டி மேலேயே ஒயினைப் பல மாதம் விட்டுவைப்பார்கள். நடுநடுவே கிளறியும் விடுவார்கள். அப்போது ஒயினுக்கு ஒரு கனம் வரும், ரொட்டி வாசனை மாதிரி ஒன்று எட்டிப்பார்க்கும், புளிப்பின் முனை மழுங்கும். பாசோ தே செஞோரான்ஸ் ஆலையின் தேர்ந்தெடுத்த ஆண்டு ஒயின் 30 மாதத்துக்கு மேல் இப்படி மண்டியோடு கிடக்கிறது. டோ ஃபெரேய்ரோ ஆலையில் இருநூறு வயது என்று சொல்லப்படும் கொடிகளிலிருந்து தனியாக ஒரு ஒயின் எடுக்கிறார்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு கை வேண்டும். அல்பரிஞோ என்றால் கோடையில் ஜில்லென்று குடித்துவிட்டு மறக்கிற சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஊற்றுவேன்.

உப்பு விஷயம். உங்கள் மைத்துனர் பொய் சொல்லவில்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு உப்புக்கரிப்பு மாதிரி தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கொடியின் வேர் கருங்கல்லையும் கடலையும் உறிஞ்சிப் பழத்துக்குள் ருசியாக அனுப்புகிறது என்பதை நான் நம்பவில்லை. கருங்கல்லுக்கு ருசி ஏது? இனிப்பே இல்லாமல் புளிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும்போது வாயில் எச்சில் சுரக்கும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு நினைவுக்கு வரும். அப்புறம், அங்கே இதைக் குடிக்கிற இடத்தையும் யோசியுங்கள். எதிரே ரீயாவில் யூகலிப்டஸ் கட்டையால் கட்டிய மிதவைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றுக்கணக்கில் கயிறு தண்ணீருக்குள் தொங்கும், கயிறு முழுக்கச் சிப்பி. அந்தச் சிப்பியை ஆவியில் வேகவைத்து முன்னால் வைத்துவிட்டு ஒயினை ஊற்றினால் யாருக்குத்தான் கடல் ருசி வராது? ஆகஸ்டு முதல் வாரத்தில் கம்பாடோஸில் அல்பரிஞோ திருவிழா நடக்கும். 1953இல் யார் வீட்டு ஒயின் நல்லது என்று இரண்டு நண்பர்கள் கட்டிய பந்தயத்தில் ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்தில் நின்று குடித்தால் உப்பு மட்டுமா, வியர்வையும் சேர்ந்தே வரும்.

இனி உங்கள் புட்டி. பத்து வருஷம் வைத்தால் விலை ஏறாது, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன மாதிரி மண்டியில் நீண்ட காலம் கிடந்த சில ஒயின்கள் பத்து வருஷம் தாங்கும், அழகாகவும் மாறும். சாதாரண அல்பரிஞோ அறுவடையிலிருந்து இரண்டு, மூன்று வருஷத்துக்குள் நன்றாக இருக்கும், அதிகம் போனால் நாலைந்து. 2022 என்றால் இனியும் தள்ளிப்போட வேண்டாம். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்பதும் முக்கியம். பீரோவுக்கு மேல், 35 டிகிரி அறையில் ஒரு கோடையைத் தாண்டியிருந்தால் பழ வாசனை செத்து, வெந்த ஆப்பிள் மாதிரி ஆகியிருக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு பெட்டி அல்பரிஞோவை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அடுக்கிவைத்து ஒரு மாதத்தில் பன்னிரண்டு புட்டியையும் கெடுத்தார்கள். அதைச் சிப்பி வேகவைக்கத்தான் பயன்படுத்தினோம்.

ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்து, வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுத் திறவுங்கள். 8லிருந்து 10 டிகிரி போதும். ஐஸ் போட்டால் வாசனை பூட்டிக்கொள்ளும், புளிப்பு மட்டும் நாக்கை அறுக்கும்.

மீன் குழம்பு வேண்டாம். புளிக்கு மேல் புளிப்பு போட்டி போடும், மிளகாய் காரம் ஆல்கஹாலை எரிச்சலாக மாற்றிவிடும். உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் எலுமிச்சை மட்டும் தடவி வறுத்த வஞ்சிரம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். நண்டை மசாலா இல்லாமல் வேகவைத்து உடைத்துச் சாப்பிட்டால் அதைவிடப் பொருத்தம். காரம் குறைத்து வைத்த தேங்காய்ப்பால் சொதியும் ஒத்துப்போகும், மண்டியில் கிடந்த ஒயின் என்றால் இன்னும் நன்றாக. மிஞ்சினால் கார்க்கைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜிலேயே வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். இரண்டாவது நாள் முதல் நாளைவிட நன்றாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மைத்துனருக்கு போன் போட்டு, அடுத்த முறை அதே ஆலையிலிருந்து இரண்டு புட்டி கேளுங்கள்.